ஐந்து டாலரும் குண்டாந்தடியும்

கனடா நாட்டுத் தலைமை அமைச்சருக்கு 1930 முதல் 1935 வரை ஏழை மக்கள் எழுதிய கடிதங்கள் ஏராளம். அவற்றிலே ஒரு பகுதியைத் தொகுத்துப் பின்னாளில் நூலாகவே வெளியிட்டார்கள். பட்டம் கேட்டவர்களும் பதவி கேட்டவர்களும் எழுதியவையல்ல அவை. வேலை இழந்தவன் எழுதினான். விளைந்த கோதுமையை விற்க முடியாத உழவன் எழுதினான். பள்ளிக்குப் போட்டுச் செல்லச் செருப்பில்லாத பிள்ளை எழுதிற்று. புல்வெளி மாநிலத்து உழவன் மனைவி ஒருத்தி, குளிர் வாட்டுகிறது, என் கணவருக்குக் கனத்த உள்ளாடை வேண்டும், வாங்க வழியில்லை என்று எழுதினாள்.

தலைமை அமைச்சர் அந்த உள்ளாடையை வாங்கி அனுப்பினார்! வேறு பலருக்கு ஐந்து டாலர் நோட்டை உறையிலே வைத்து அனுப்பினார். அரசாங்கக் கருவூலத்திலிருந்து எடுத்த பணமல்ல. அவருடைய சொந்தப் பணம். ஊரறியப் பறைசாற்றவும் இல்லை.

நல்லவர்தானே? ஆம், நல்லவர்தான்! நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளிலே, பெட்ரோல் வாங்கக் காசில்லாத உழவர்கள் தம் மோட்டார் காரின் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, குதிரையைப் பூட்டி இழுக்கச் செய்து, அந்த வண்டிக்குப் 'பென்னட் வண்டி' என்று பெயர் சூட்டினார்கள். வீடற்றவன் குளிருக்குப் போர்த்திக்கொண்ட பழைய செய்தித்தாளுக்குப் 'பென்னட் கம்பளி' என்று பெயர்.

யார் அந்தப் பென்னட்? கடிதம் கண்டு கசிந்துருகிய அதே தலைமை அமைச்சர்தான்! கொடுத்த கையை மறந்த நன்றிகெட்ட மக்களா அவர்கள்? அல்லது, கொடுத்த கைக்கு வேறொரு பக்கமும் இருந்ததா? அதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

ரிச்சர்ட் பெட்ஃபோர்டு பென்னட் 1870 ஜூலை 3ஆம் நாள், கனடாவின் கீழ்க்கோடியிலே நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் பிறந்தார். மரக்கலம் கட்டிச் சீரும் சிறப்புமாக வாழ்ந்த குடும்பம் அது. நீராவிக் கப்பல் வந்தது, பாய்மரம் படுத்தது, குடும்பமும் தாழ்ந்தது. தாய் கற்றுத்தந்த சிக்கனம், மெதடிஸ்ட் மதக் கட்டுப்பாடு, அயராத உழைப்பு, இவைதாம் பிள்ளைக்குக் கிடைத்த சொத்து. புகையைத் தொட்டதில்லை, திருமணமும் செய்துகொண்டதில்லை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் 1893இல் சட்டப் பட்டம் பெற்றார்.

1897இன் தொடக்கம். கடுங்குளிர். மேற்கே மேற்கே என்று ஓடிய இரயில் அவரைக் கால்கரி என்ற சிற்றூரிலே இறக்கிவிட்டது. சுற்றிலும் கடலெனப் பரந்த புல்வெளி. ஊரிலே சில ஆயிரம் பேர். அங்கே அவருக்காகக் காத்திருந்தவர் ஜேம்ஸ் லஹீட்.

இந்த லஹீட்டின் கதை தெரிந்தால்தான் பென்னட்டின் கதை விளங்கும். தச்சருடைய மகன் அவர். டொராண்டோவின் ஏழைப் பகுதியிலே வளர்ந்து, சட்டம் படித்து, 1883இல் கனடியன் பசிபிக் இரயில் பாதை கால்கரியைத் தொட்ட அதே ஆண்டிலே அங்கே குடியேறினார். இரயில் கம்பெனி வழக்குகளை ஏற்றார். அந்த இரயிலாலே விலை ஏறப்போகும் மனைகளையும் வாங்கினார். 1889இல், 35 வயதிலே, மேலவை உறுப்பினர்! 1891இல் அவர் கட்டிய மணற்கல் மாளிகை இன்றும் அந்நகரிலே நிற்கிறது.

அந்த இரயில் கம்பெனிக்கு கனடா அரசு தந்த சீர் என்ன தெரியுமா? 2.5 கோடி டாலர் ரொக்கம், 2.5 கோடி ஏக்கர் நிலம்! யாருடைய நிலம்? கால்கரி வட்டாரத்திலே தலைமுறை தலைமுறையாகக் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த பிளாக்ஃபுட் முதலான பழங்குடி மக்களின் நிலம். 1877இல் ஒப்பந்தம் ஒன்றிலே கையெழுத்து வாங்கி, அவர்களை ஒதுக்குப்புறத்திலே அடைத்தார்கள். நிலம் இழந்தவனுக்கு ஒதுக்கிடம். நிலம் பெற்றவனுக்கு இரயில். இரயிலை அண்டியவனுக்கு மாளிகை! புல்வெளியிலே செல்வம் முளைத்த விதம் இதுதான்.

லஹீட்டின் கூட்டாளியானார் பென்னட். இரயில் கம்பெனி, ஹட்சன்பே கம்பெனி, மாண்ட்ரியல் பாங்கு என்று பெரும்புள்ளிகள் எல்லாம் இவர்களுடைய கட்சிக்காரர்கள். வந்த மறு ஆண்டே, 1898இல், வடமேற்குப் பகுதிச் சட்டமன்றத்துக்குப் பென்னட் தேர்ந்தெடுக்கப்பட்டார். காலையிலே வழக்கு, மாலையிலே வாணிபம், இரவிலே மேடை! பேச்சு மடை திறந்த வெள்ளம். நியூ பிரன்ஸ்விக்கில் பழகிய இளைய நண்பர் மாக்ஸ் எய்ட்கன், பின்னாளில் லண்டனில் பத்திரிகை அதிபராகிப் பீவர்புரூக் பிரபு என்று விளங்கியவர், முதலோடு வந்தார். மின்சாரம், சிமெண்டு, தானியக் கிடங்கு என்று கம்பெனிகள் முளைத்தன. பென்னட்டின் பணப்பெட்டியும் கனத்தது.

அவரிடம் துணிவில்லை என்று சொல்ல மாட்டோம். 1910இல் ஆல்பர்ட்டா மாநில அரசு ஓர் இரயில் கம்பெனிக்குக் கடன் உத்தரவாதம் கொடுத்த விவகாரம் வெடித்தபோது, சட்டமன்றத்திலே மணிக்கணக்கில் நின்று சாடினார்; அந்தப் புயலிலே முதலமைச்சர் ரதர்ஃபோர்டு பதவி விலக நேர்ந்தது. 1914இல் நாடாளுமன்றத்திலே, மெக்கன்சி, மான் என்ற இரு இரயில் அதிபர்களுக்குச் சொந்தக் கட்சி அரசே சலுகை காட்டியபோது, தம் கட்சியையே எதிர்த்துப் பேசினார். ஆற்றல் இருந்தது. அஞ்சாமை இருந்தது. இல்லாதிருந்தது எது? அதைத் தீப்பெட்டி சொல்லும், கேளுங்கள்!

தலைநகர் ஒட்டாவாவுக்கு ஆற்றின் எதிர்க்கரையிலே ஹல் என்ற ஊர். அங்கே எட்டி கம்பெனியின் காகித ஆலையும் தீப்பெட்டி ஆலையும் இருந்தன. முதலாளியின் விதவை, பென்னட்டுக்கு இளமைக்காலத் தோழி. 1921இல் அவர் இறந்தபோது பங்குகளில் ஒரு பகுதி பென்னட்டுக்கு வந்தது. மீதியைப் பெற்ற அம்மையாரின் தம்பி 1926இல் இறந்ததும் அவையும் வந்தன. பெரும்பங்கு பென்னட் கையிலே! உயில் எழுதிக் கொடுத்த செல்வம்.

அந்த ஆலையிலே தீக்குச்சி அடுக்கிப் பெட்டியிலே போட்டவர்கள் பெண்கள். வெண் பாஸ்பரசின் நச்சு, தாடை எலும்பை அரிக்கும் கொடுமையைத் தந்தது. 1914இல்தான் சட்டம் அந்தப் பாஸ்பரசைத் தடை செய்தது. 1919இல் அந்தப் பெண்கள் போராடினார்கள். 1924இல் கூலியைக் குறைக்க முற்பட்டபோது மீண்டும் போராடினார்கள். தலைமை தாங்கியவர் டொனால்டா ஷாரோன் என்ற தொழிலாளிப் பெண். போராட்டம் முடிந்தது, மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினர், ஷாரோனுக்குக் கதவு திறக்கவில்லை. பென்னட் அப்போது அந்தக் கம்பெனியின் பங்குதாரர். தீர்ப்பு வழங்கிய நிர்வாகியல்ல. ஆனால் அவருக்கு வந்த செல்வம் எந்த விரல்களின் உழைப்பிலே விளைந்தது என்பதை மறக்க முடியுமா? அந்த ஊர் மறக்கவில்லை. இன்று காட்டினோ என்று பெயர் பெற்றுள்ள அந்நகரின் பெருஞ்சாலை ஒன்றுக்குத் 'தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள்' என்றே பெயர்!

1927இல் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவரானார் பென்னட். 1929இல் உலகச் சந்தை சரிந்தது. அப்போது தலைமை அமைச்சராக இருந்த மெக்கன்சி கிங், எதிர்க்கட்சி ஆளும் மாநிலங்களுக்கு ஐந்து சென்ட்டும் தரமாட்டேன் என்ற கருத்திலே நாடாளுமன்றத்தில் வாய்விட்டார். விடுவாரா பென்னட்? ஊர் ஊராகச் சென்றார். வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிப்பேன், இறக்குமதி வரியை ஏற்றி உலகச் சந்தையின் கதவை உடைப்பேன் என்று முழங்கினார். 1930 ஜூலையிலே மக்கள் வாக்களித்தனர். 130க்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றுத் தலைமை அமைச்சரானார்.

வரியை ஏற்றினார். கதவு உடைந்ததா? இல்லை! உலகிலே ஒவ்வொரு நாடும் தன் கதவை அடைத்துத் தாழிட்டது. 1932இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளை ஒட்டாவாவுக்கு அழைத்து வாணிப மாநாடு கூட்டினார். அங்கே சென்ற இந்தியக் குழுவிலே நம் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். சாம்ராஜ்யத்துக்குள்ளே ஒருவருக்கொருவர் வரிச் சலுகை என்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆனால் உழவன் வீட்டு அடுப்பு எரியவில்லை. ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் கோதுமை 1932 இறுதியிலே 40 சென்ட்டுக்கும் கீழே! விலைதான் இல்லை, விளைச்சலாவது உண்டா? மழை பொய்த்தது, மண் புழுதியாய்ப் பறந்தது, மிஞ்சியதை வெட்டுக்கிளி தின்றது. 1933இல் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி உயிர் வாழ்ந்தனர். நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஒரு கோடிக்குச் சற்று மேல்தான்!

தலைமை அமைச்சர் எங்கே இருந்தார்? ஒட்டாவாவின் ஷாட்டோ லோரியர் என்ற பெரிய ஓட்டலிலே, அறைத் தொகுப்பொன்றிலே. தலைமைப் பொறுப்போடு சில காலம் நிதித்துறையும், பதவிக்காலம் முழுதும் வெளியுறவுத் துறையும் அவரிடமே. அவர் தனியே பேசிக்கொண்டு நடந்தால், அமைச்சரவைக் கூட்டம் நடக்கிறது என்று பொருள். இப்படி ஊரிலே ஒரு வேடிக்கைப் பேச்சு!

வேலையற்ற இளைஞர்கள் சரக்கு இரயிலின் கூரையிலே ஏறி ஊர் ஊராய் அலைந்தார்கள். கூட்டமாய்த் திரிகிறார்களே, கலகம் செய்வார்களே என்ற அச்சம் அரசுக்கு. 1932இலே முகாம்கள் திறந்தார்கள். எந்தத் துறையின் கீழ்? தொழிலாளர் துறையா? இல்லை, இராணுவத் துறை! மணமாகாத, வேலையற்ற ஆண்கள் காட்டிலும் மலையிலும் இருந்த அந்த முகாம்களிலே சாலை போட வேண்டும், மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சோறு உண்டு, படுக்கை உண்டு, ஒரு நாளைக்கு இருபது சென்ட் உண்டு. ஒரு மணிக்கு அல்ல தோழர்களே, ஒரு நாளைக்கு! 1936இல் மூடப்படும்வரை 1,70,000 பேர் அந்த முகாம்களிலே அடைபட்டு வெளிவந்தனர்.

1935 ஏப்ரலிலே பிரிட்டிஷ் கொலம்பியா மாநில முகாம்களிலிருந்து இளைஞர்கள் வெளியேறினார்கள். வான்கூவர் நகரிலே இரண்டு மாதம் ஊர்வலம் நடத்திப் பார்த்தார்கள். அசையவில்லை அரசு. தலைநகருக்கே சென்று நேரில் கேட்போம் என்று ஜூன் 3ஆம் நாள் சரக்கு இரயிலிலே ஏறினார்கள். என்ன கேட்டார்கள்? அரசைக் கவிழ்க்கவா கேட்டார்கள்? உழைப்புக்கு மணிக்கு 50 சென்ட் கூலி, வேலையிலே அடிபட்டால் இழப்பீடு, முகாம் தொழிலாளர் குழுவுக்கு அங்கீகாரம், முகாம்களின் மேல் இராணுவத் துறையின் பிடி நீக்கம், வேலையில்லாக் காலத்துக்குக் காப்பீடு, வாக்குரிமை. இவ்வளவுதான்!

வழிநெடுக மக்கள் உணவளித்தனர். பென்னட்டின் சொந்த ஊராம் கால்கரியிலும் இறங்கிச் சென்றனர். ரெஜைனா நகரை அடைந்தபோது படை 2,000 பேர் அளவுக்குப் பெருகியிருந்தது. மேலே செல்லக்கூடாது என்று தடுத்தது அரசு. அந்த ஊரிலேதான் குதிரைப் போலீசின் பயிற்சிக்களம்! தூதுக்குழுவை மட்டும் ஒட்டாவாவுக்கு அழைத்தார் பென்னட். ஜூன் 22ஆம் நாள், ஆர்தர் எவன்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவரோடு எட்டுப் பேர் அவர் எதிரிலே அமர்ந்தனர். கோரிக்கை பேச வந்தவரை நோக்கி, நீ சங்கப் பணத்தைக் கையாடியவன் என்றார் தலைமை அமைச்சர். நீர் பொய்யர் என்றார் எவன்ஸ். பேச்சு முறிந்தது.

ஜூலை முதல் நாள் கனடாவின் தேசியத் திருநாள். அன்று மாலை ரெஜைனா சந்தைத் திடலிலே கூட்டம். உள்ளூர் மக்களே பெரும்பான்மை. கலைந்து திரும்புவது பற்றி மாநில அரசோடு இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது! திடலைச் சுற்றி நின்ற சாமான் ஏற்றும் வண்டிகளின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து பாய்ந்தது போலீஸ். தடியடி! கண்ணீர்ப்புகை! தெருத்தெருவாகக் கைகலப்பு, துப்பாக்கிச் சூடு! துப்பறியும் அதிகாரி சார்லஸ் மில்லர் உயிரிழந்தார். படுகாயமுற்ற பயணி நிக் ஷாக் மாதங்கள் கழித்து மாண்டார். நூற்றுக்கு மேற்பட்டோர் கைது. மாநில முதலமைச்சர் கார்டினரே மத்திய அரசின் செயலைக் கண்டித்தார்.

இப்போது இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஐயா, நான் ஏழை, இரக்கம் காட்டுங்கள் என்று ஒருத்தி தனியே எழுதினாள். உறையிலே உள்ளாடை வந்தது. ஐயா, நாங்கள் உழைப்பாளிகள், உரிமையைக் கொடுங்கள் என்று இரண்டாயிரம் பேர் சேர்ந்து கேட்டார்கள்; குண்டாந்தடி வந்தது. மனிதர் ஒருவர்தான், மனமும் ஒன்றுதான். குனிந்து நின்றவனைக் கண்டால் அவருக்கு இரக்கம். நிமிர்ந்து நின்றவனைக் கண்டால் ஆத்திரம்!

ஏன் அப்படி? கொடியவர் என்பதாலா? அல்ல. தாழ்ந்த குடும்பத்திலிருந்து தாமே உழைத்து மேலே வந்தவர் அவர். நான் ஏறினேனே, நீ ஏன் ஏறவில்லை என்ற எண்ணம் அவர் நெஞ்சிலே உறைந்துவிட்டது. தாம் ஏறிய ஏணிக்கு இரயில் கம்பெனி ஒரு கால், நிலவிலை ஏற்றம் ஒரு கால் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. வறுமை என்பது தனி மனிதனுக்கு வந்த தலைவலி என்று கருதினார். ஆகவே தனி மனிதனுக்கு மாத்திரை கொடுத்தார். அது அமைப்பிலே உள்ள நோய் என்று சொன்னவர்களைச் சிறையிலே போட்டார். 1931இல், குற்றச் சட்டம் 98ஆம் பிரிவைக் கொண்டு, டிம் பக் முதலான கம்யூனிஸ்டுத் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பிற்று அந்நாளைய ஆட்சி.

கடைசியிலே உண்மை அவருக்கும் உறைத்தது. நேர்மையோடு அதையும் சொல்வோம். 1935 ஜனவரியிலே வானொலியில் ஐந்து முறை பேசினார். பழைய முறை போயிற்று, அரசு தலையிட்டே தீரவேண்டும் என்றார். குறைந்த அளவுக் கூலி, வேலை நேர வரம்பு, வார ஓய்வு, வேலையில்லாக் காலக் காப்பீடு, இத்தனைக்கும் சட்டம் கொண்டுவந்தார். ஆனால் ஐந்தாண்டு காத்திருந்த மக்கள், தேர்தல் ஆண்டிலே வந்த ஞானத்தை நம்பத் தயாராயில்லை. அந்தச் சட்டங்கள் வந்த அதே ஆண்டிலேதான் ரெஜைனாவில் தடியும் சுழன்றது! 1937இல் லண்டன் பிரிவி கவுன்சில், இவை மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டவை என்று அச்சட்டங்களில் பெரும்பாலானவற்றைச் செல்லாதவையாக்கிற்று. ஆனால் அவர் நிறுவிய கனடா மத்திய வங்கி நிலைத்தது. அவர் தொடங்கிய வானொலி ஆணையம் இன்றைய ஒலிபரப்புக் கழகத்துக்கு வித்தாயிற்று.

1935 அக்டோபரிலே தீர்ப்பு! 130க்கு மேல் இருந்த கட்சி 40 இடங்கள் அளவுக்குச் சுருங்கிற்று. 1939இல் பென்னட் கனடாவையே விட்டு இங்கிலாந்து சென்றார். பீவர்புரூக்கின் பண்ணைக்கு அருகே மாளிகை வாங்கினார். 1941இல் வைகவுண்ட் பட்டம் பெற்றார். 1947 ஜூனில் மறைந்தார். மிக்கிள்ஹாம் சிற்றூரிலே அவர் கல்லறை. மறைந்த கனடாத் தலைமை அமைச்சர்களிலே அந்த நாட்டு மண்ணில் அடக்கமாகாதவர் அவர் ஒருவரே.

அவர் போன பிறகு என்ன நடந்தது? 1940இலே அரசியலமைப்பையே திருத்தி வேலையில்லாக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ரெஜைனாவின் இளைஞர்கள் கேட்டதிலே ஒன்று சட்டமாயிற்று! பென்னட்டின் கால்கரியிலேயே 1932இல் உழவரும் தொழிலாளரும் கூடிக் கூட்டுறவுப் பொதுவுடைமைச் சம்மேளனம் என்ற கட்சியைத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கட்சியின் டாமி டக்ளஸ் 1944இல் சஸ்காச்சவன் மாநில முதலமைச்சரானார்; அந்தக் கட்சி ஆட்சியிலேயே 1962இல் அனைவருக்கும் பொது மருத்துவக் காப்பீடு அங்கே நடைமுறைக்கு வந்தது. தடி சுழன்ற அதே ரெஜைனாதான் அந்த மாநிலத்தின் தலைநகர்!

அன்றிலிருந்து அந்த மாநிலத்திலே நோயுற்றவன் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க எந்தப் பெரிய மனிதருக்கும் கடிதம் எழுதிக் கையேந்த வேண்டியதில்லை.

தோழர்களே! தருமவானைத் தூற்றுவது நமக்கு நோக்கமல்ல. பசித்தவனுக்குப் பிடி சோறு போடுபவனை வாழ்த்துவோம். ஆனால் அவனிடமே ஆட்சியும் இருக்குமானால், ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ஐயா, உம் கையிலே சட்டம் இருக்கும்போது சில்லறையை ஏன் எடுக்கிறீர்? கொடையாளியின் மனம் மாறினால் கொடை நிற்கும். கடிதம் எழுதத் தெரியாதவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. உரிமை அப்படியல்ல. எழுதத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும், குனிந்தவனுக்கும் நிமிர்ந்தவனுக்கும் அது ஒன்றே. ஐந்து டாலர் ஐந்தே நாளில் தீர்ந்துபோயிற்று. இருபது சென்ட்டை மறுத்து இரயிலேறியவர்கள் எழுப்பிய குரல் சட்டப் புத்தகத்திலே ஏறி நின்றது!